கிளட்ச் மேல் போட்ட பழி

பழைய கார்களை மதிப்பிடும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று ஷோரூமில் கேட்டார்கள். நான் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். நான் எழுதுவதைப் படித்துவிட்டு உங்கள் கையில் கொடுப்பார்களா என்பது சந்தேகம். கொடுக்காவிட்டால் போகட்டும், நானே உங்கள் போனுக்கு அனுப்பி வைக்கிறேன்.

அடிபட்ட வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது, தண்ணீரில் நின்ற வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். பெயிண்ட் எவ்வளவு கனம் என்று சொல்ல இப்போது கருவி இருக்கிறது. உங்கள் டேப்லெட்டில் கேள்விகள் வரிசையாக வருகின்றன. டிக் அடிக்க ஒரு விரல் போதும். நான் சொல்ல வந்தது, எல்லாக் கேள்விக்கும் சரியாக டிக் அடித்து, கீழே கையெழுத்தும் போட்டு, நல்ல வண்டி என்று நான் தேற்றிவிட்ட ஒரு சின்ன வெள்ளைக் காரைப் பற்றி. என் கையில் நூற்றுக்கணக்கான வண்டிகள் வந்து போயிருக்கின்றன. சோறு தின்னும்போது நினைவுக்கு வருவது அது ஒன்றுதான்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது தெரியும். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தகரம் தட்டித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அங்கே எனக்கு வேலை பழக்கிய மேஸ்திரி பெரிய கில்லாடி. நசுங்கிய கதவை ஒரே நாளில் கம்பெனியிலிருந்து இறங்கிய மாதிரி ஆக்கிவிடுவார். அப்படி வேறு யாராவது ஆக்கிய கதவை அடுத்த நிமிடமே கண்டுபிடித்தும் விடுவார். கையையும் கண்ணையும் அவரிடம்தான் தீட்டிக்கொண்டேன். பழைய வண்டியைத் தட்டிச் சரிசெய்து விற்பதும் உண்டு; அவர் விற்பதைப் பார்த்து இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன்.

"வண்டி வாங்க வாரவனுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு வெச்சுத்தான் பேசோணும்டா," என்பார். "அவன் ஒரு கேள்வி கேட்டான்னு வெய்யி, நீ சிரிச்சிரு. அப்பறம் அடுத்த கேள்வி கேக்கமாட்டான்."

இதைப் பெரிய ஞானம் என்று நினைத்து முப்பது வருஷம் கடைப்பிடித்தேன். மேஸ்திரி போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்திருந்தால் அந்த வெள்ளைக் காரின் கதையைச் சொல்லிவிட்டு, இப்போது சிரியுங்கள் பார்ப்போம் என்று கேட்டிருப்பேன்.

ஷோரூமுக்கு வந்த பிறகு என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஒரு முறை பளபளவென்று வந்த ஒரு காரின் முன்பக்கக் கதவுக் கீலில் ஒரே ஒரு போல்ட்டில் ஸ்பேனர் பட்ட சுவடு இருந்ததைப் பார்த்து, வண்டி உருண்டிருக்கிறது என்றேன். விற்க வந்தவன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தான். உள்ளே கழற்றிப் பார்த்தால் மேற்கூரையே வேறு வண்டியுடையது. அன்றிலிருந்து "அண்ணன் பாத்தாப் பாத்ததுதான்" என்று பேர். மனிதனைக் கெடுக்க இந்த ஒரு வாக்கியம் போதும்.

அந்த வெள்ளைக் கார் ஒரு கோழி டாக்டருடையது. பண்ணை பண்ணையாகப் போய்க் கோழிகளுக்கு நோய் பார்த்து, ஊசி மருந்துக்கு யோசனை சொல்கிற மனிதர். சின்ன கார், ஆறு வருஷம் ஆனது. ஒரே கை ஓட்டிய வண்டி. எங்கும் இடித்த தடமில்லை, பெயிண்ட் கம்பெனிப் பெயிண்ட், சீட்டில் ஒரு கறை இல்லை. தூக்கி நிறுத்தி அடியில் பார்த்தேன். ஆறு வருஷ வண்டியின் அடியில் ஒரு பிடி மண்கூட ஒட்டியிருக்கவில்லை. பரவாயில்லையே, டாக்டர் சுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

நாமக்கல்லில் பிறந்த எவனுக்கும் அந்தச் சுத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். கோழிப்பண்ணைக்குள் எந்த வண்டி நுழைந்தாலும் கேட்டிலேயே நிறுத்தி, நோய் ஒட்டிக்கொண்டு வராமல் இருக்க மருந்துத் தண்ணீரைச் சக்கரத்திலும் அடியிலும் பீய்ச்சி அடிப்பார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து பண்ணை போகிற டாக்டரின் வண்டிக்கு நாலைந்து முறை அந்தக் குளியல். அப்புறம் மணிக்கணக்கில் ஷெட்டுகளுக்கு நடுவே நிற்கும். அங்கே எருவிலிருந்து கிளம்பும் நெடி கண்ணைக் கரிக்கும். செம்புக் கம்பியை அரித்துத் தின்றுவிடும். பண்ணையில் லைட்டு வயரை அடிக்கடி மாற்றுவது எங்கள் வீட்டிலேயே நடந்த விஷயம். என் அப்பாவுக்கும் பண்ணை இருந்தது. பல்பு எரியாமல் போனால் ஹோல்டரைப் பிரித்துப் பச்சைப் பொடியைத் தட்டிவிட்டு மாட்டியது நான்தான். ஆக, எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றுமே அதில் இல்லை. தெரிந்ததைக் காரோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வண்டியை வாங்க, சேலம் பக்கத்திலிருக்கும் இளம்பிள்ளை ஊரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பட்டுச் சேலை நெய்கிற குடும்பம். தறிக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் சேலத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். காலை ஏழு மணிக்கு மெஷினில் படுத்தாக வேண்டும், தாமதமானால் அந்த முறை இன்னொருவருக்குப் போய்விடும். அதுவரை பஸ்ஸில்தான் போய் வந்திருக்கிறார்கள். ஒரு நாள் திரும்பி வரும்போது கூட்டத்தில் நின்றபடியே அவர் மயங்கி விழுந்திருக்கிறார். அன்றைக்கு அவருடைய மனைவி மல்லிகா முடிவெடுத்தார். வீட்டிலிருந்த இரண்டு தறிகளில் ஒன்றை விற்றார். நாற்பத்து மூன்று வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்சும் வாங்கினார். மூன்றாவது ஆள் மல்லிகாவின் மச்சாண்டார், கணவரின் அண்ணன். பேச்செல்லாம் அவர்தான்.

"வண்டி சின்னதா இருக்கோணுமுங்க. இந்தப் பொம்பளதான் ஓட்டப்போறாளாம்," என்று சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

மல்லிகா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணா, எனக்குப் பாட்டுப் பொட்டி, ஏசி எதுவும் வேண்டாமுங்க. வழியில நிக்காத வண்டியா இருந்தாப் போதும். இவரு ஏழு மணிக்கு அங்க இருக்கோணும். அது ஒண்ணுதானுங்க."

"நிக்கவே நிக்காதுங்கம்மா. அதுக்கு நான் பொறுப்பு," என்றேன்.

வெள்ளைக் காரைக் காட்டினேன். பின் சீட்டில் கணவரை உட்காரவைத்துவிட்டு, மல்லிகா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார்.

"ஏனுங்கண்ணா, உள்ள கோழிப்பண்ணை நாத்தம் அடிக்குதுங்களே?"

நான் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வண்டிக்கு அடித்திருந்த சென்ட் வாசனையைத் தவிர எனக்கு ஒன்றும் வரவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மேஸ்திரி சொல்லிக்கொடுத்தபடி சிரித்தேன்.

"நாமக்கல்லுக்கு வந்துட்டுக் கோழி நாத்தம் அடிக்குதுன்னா எப்படீங்கம்மா? இங்கத்த காத்தே அப்படித்தான். ஊரையே கழுவித்தான் உங்களுக்கு வண்டி தரோணும்."

ஷோரூமில் இருந்த விற்பனைப் பையன்கள் எல்லாம் சிரித்தார்கள். மச்சாண்டார் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். "இவளுக்கு எதுலயும் ஒரு நொட்டை சொல்லோணுமுங்க," என்றார். மல்லிகாவும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, வேறு வழியில்லாமல் சிரித்தார். சிரிக்காதவர் பின் சீட்டிலிருந்த தறிக்காரர் மட்டும்தான்.

"அவ மூக்கு தப்பாச் சொல்லாதுங்க," என்றார் மெலிந்த குரலில். "நூலுக்குப் போட்ட சாயம் நல்லதா கெட்டதான்னு மோந்து பாத்தே சொல்லுவா."

கேட்டது. நன்றாகக் கேட்டது. அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றி, "இப்பப் பாருங்க, ஏதாவது வருதா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். நாலு ஆம்பிளைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பொம்பளை வருகிறது என்று சொல்வாள்? இல்லீங்க என்று சொல்லிவிட்டார். அன்றே வண்டி கைமாறியது.

உங்கள் டேப்லெட்டில் எத்தனையோ கட்டங்கள் இருக்கின்றன. வாங்க வந்தவர் என்ன சொன்னார் என்று எழுதுவதற்கு ஒரு கட்டமும் இல்லை. நான் இருந்தபோதும் இருக்கவில்லை.

முதல் மாதம் மல்லிகாவே போன் செய்தார். "அண்ணா, நெம்ப சந்தோசமுங்க. இவரு பின்சீட்டுல காலை நீட்டிப் படுத்துட்டே வாராரு. வந்து சோறும் திங்கறாரு," என்றார். பெருமையாக இருந்தது. அந்தப் போனை வைத்துவிட்டு, ஷோரூமில் எல்லோரிடமும் சொல்லிக் காட்டினேன்.

இரண்டாவது மாதம் வண்டி ஒரு தடவை நின்றது. நல்ல வேளையாக, வீடு திரும்புகிற வழி. அரை மணி நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிவிட்டது. எங்கள் மெக்கானிக்கை அனுப்பினேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான், ஒரு தப்பும் காட்டவில்லை. பேட்டரி முனையைத் தேய்த்துவிட்டு வந்துவிட்டான்.

அடுத்த தடவை நின்றது போகிற வழியில். எனக்குப் போன் வந்தபோது காலை ஆறே முக்கால். ஷோரூமுக்குக் கிளம்பக் குளித்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணா, ரோட்டோரம் நிக்கறேனுங்க. ஓடிட்டு இருக்கறப்பவே பொசுக்குன்னு நின்னு போச்சு. இவருக்கு ஏழு மணிக்கு மெஷினுங்கண்ணா. என்ன பண்ணோணும், சொல்லுங்க."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றது என்று அந்த அம்மா சொன்னார். கிளட்சைத் தப்பாக விட்டால் வண்டி கிளம்பும்போது குதித்து நிற்கும். மூன்றாவது கியரில் சீராகப் போய்க்கொண்டிருக்கிற வண்டி அதனால் நிற்காது. இது வண்டி ஓட்டத் தெரிந்த எவனுக்கும் தெரியும், எனக்குத் தெரியாதா? ஆனால் என் காதில் விழுந்தது வண்டி நின்றதும், ஓட்டுவது பொம்பளை என்பதும், லைசென்ஸ் வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை என்பதும்தான். நான் பார்த்துத் தேற்றிய வண்டி தப்பாக இருக்காது. அப்படியானால் தப்பு எங்கே இருக்க முடியும்?

"நீங்க கிளட்ச்சை வெடுக்குனு உடறீங்கம்மா," என்றேன். "புதுசா ஓட்டறவங்க எல்லாரும் பண்றதுதான். மெதுவா உடுங்க. பயப்படாம ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது."



"அப்படீங்களாண்ணா? நான் சரியா உட்டேன்னுதான் நெனச்சேன். மன்னிச்சிருங்க. இனிமேட்டு மெதுவா உடறேன்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதை வாங்கியும் கொண்டேன்.

அன்றைக்கு ஒரு ஆட்டோவைப் பிடித்துப் போய் ஏழரைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். முறை போய்விட்டது, மறுநாள்தான் கிடைத்தது. அந்த ஒரு நாளில் அவருக்குக் கால் இரண்டும் வீங்கிப் போயிற்றாம். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மல்லிகா மறுபடியும் அதே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், கிளட்ச் சரியாக வரவில்லை என்று சொல்லி இன்னும் பத்து வகுப்பு ஓட்டியிருக்கிறார். சொல்லிக்கொடுத்தவர் நன்றாகத்தானே ஓட்டுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "இல்லீங்க, வண்டி பாத்துக் குடுத்த அண்ணனே சொல்லிட்டாருங்க," என்றாராம்.

மூன்றாவது தடவை ஐப்பசி மழையில். சேலம் போகிற வழியில் சிவதாபுரத்துக்கு முன்னால், இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற ரோட்டில் வண்டி அணைந்துவிட்டது. பின்னால் லாரியும் பஸ்ஸும் ஹாரன் அடிக்கின்றன. அந்த மழையில் ஆட்டோவும் கிடைக்கவில்லை. இந்த முறை எனக்குப் போன் வரவில்லை. ஏன் செய்வார்? செய்தால் என்ன சொல்வேன் என்றுதான் தெரியுமே. நனைந்துகொண்டே இறங்கி, நாலு பேரைக் கும்பிட்டு வண்டியை ஓரம் தள்ளியிருக்கிறார். எட்டரை மணிக்கு யாரோ ஒரு பால்வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போய் விட்டிருக்கிறார். அன்றும் முறை போயிற்று. மறுநாள் விடிவதற்குள் அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் இல்லை.

அந்த ஒரு முறை தவறியதால்தான் போனார் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவருக்கு இருதயமும் பலவீனமாக இருந்ததாம். நான் இதைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ நாள் தூங்கப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து மல்லிகா அந்த வண்டியைக் கொண்டுவந்தார். தானே ஓட்டி வரவில்லை. கூலிக்கு ஒரு டிரைவரை வைத்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"எடுத்துக்குங்கண்ணா. எனக்கு வேண்டாமுங்க," என்றார். "வண்டி மேல குத்தமில்லீங்க. நீங்க நல்ல வண்டியாத்தான் பாத்துக் குடுத்தீங்க. எனக்குத்தான் ஓட்டத் தெரியல."

 எழவு விழுந்த வீட்டுக்காரரிடம் என்ன பேசுவது என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். அவர் பஸ் ஏறிப் போன பிறகு, வழக்கப்படி வண்டியைப் பார்க்க உட்கார்ந்தேன். ஸ்பீடு காட்டும் மீட்டருக்குக் கீழே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சேலைப் பெட்டி மேல் ஒட்டுகிற லேபிள். அதைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தார்: கிளட்ச் மெதுவா.

அதைப் பார்த்த பிறகுதான் வண்டியை உண்மையில் பார்க்க ஆரம்பித்தேன். மிதியடியைத் தூக்கினேன். டேஷ்போர்டுக்குக் கீழே பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். வயர்கள் சேருமிடம் எல்லாம் பச்சை. விரலால் தொட்டால் பொடி உதிர்ந்தது. எஞ்சின் பக்கம், வண்டியை இயக்குகிற கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போகிற இணைப்பும் அப்படித்தான். ஈரக் காற்று பட்டால் தொடர்பு விட்டுப் போகும், காய்ந்தால் மறுபடி சேரும். சின்ன வயதில் அப்பாவின் பண்ணையில் ஹோல்டரைப் பிரித்துத் தட்டிவிட்ட அதே பச்சைப் பொடி. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கோழி டாக்டருக்குப் போன் செய்தேன். அந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை.

"ஆமாங்க, லைட்டு அப்பப்ப மங்கும். எல்லாப் பண்ணையிலயும் மருந்துத் தண்ணி அடிப்பாங்க, வண்டி ஷெட்டுக்குப் பக்கத்துலதான் நிக்கும். அதனால இருக்கும்னு நெனச்சேன். நீங்க அடிபட்டுச்சா, தண்ணியில நின்னுச்சான்னு கேட்டீங்க, இல்லைன்னேன். எங்க நிறுத்துவீங்கன்னு கேக்கவே இல்லீங்களே."

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் பரமத்தி வேலூர்க்காரி. வெற்றிலைத் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்தவள். எங்கள் பண்ணை வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் நாற்றம் தாங்காமல் ஒரு மாதம் சரியாகச் சோறே தின்னவில்லை. மூன்றாவது மாதம் "இப்ப நாத்தமே வாரதில்லைங்க" என்றாள். என் அம்மா சந்தோஷப்பட்டார்கள். நாற்றம் எங்கும் போகவில்லை, அவளுக்கு மூக்குதான் போய்விட்டது. எனக்குப் பிறக்கும்போதே இல்லை. ஷோரூமில் அன்று சிரித்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் நாமக்கல்காரர்கள். மச்சாண்டார் வண்டிக்குள் தலையைக்கூட விடவில்லை. அங்கே மோந்து பார்த்துச் சொன்ன மூக்குள்ள ஆள் இளம்பிள்ளையிலிருந்து வந்த மல்லிகாதான். மூக்கில்லாதவர்கள் ஒன்றுகூடி மூக்குள்ளவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

மறுநாள் முதலாளியிடம் பச்சைப் பொடியைக் காட்டினேன். அந்த அம்மாவுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றேன்.

"வாயத் தொறக்காதீங்கண்ணா," என்றார். "சொன்னா நம்ம கடை மேல கேஸு வரும். கையெழுத்துப் போட்டது நீங்க, மொதல்ல உங்களத்தான் கூப்பிடுவாங்க. செத்தவரு திரும்பி வரப்போறாருங்களா?"

திரும்பி வரமாட்டார்தான். நான் வாயைத் திறக்கவில்லை. முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கடையை அவர் பார்த்தார். நான் என்னைப் பார்த்துக்கொண்டேன். இன்னும் ஒன்றரை வருஷ வேலை, அண்ணன் பார்த்தால் பார்த்ததுதான் என்கிற பேர், ஓய்வு பெறும் நாளில் சால்வை. இதற்காக அந்த அம்மா புருஷனைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படி வார்த்தை போட்டு அன்று நினைக்கவில்லை. செய்தது அதுதான்.

அந்த வண்டியில் ஒன்றிரண்டு வயரை மட்டும் மாற்றி வேறு ஜில்லா ஏலத்துக்கு அனுப்பினார்கள். நான் கையெழுத்துப் போட மறுத்தேன், வேறொருவர் போட்டார். இப்போது எந்த ரோட்டில் யாரை ஏற்றிக்கொண்டு ஓடுகிறதோ தெரியாது. நான் வீரமாக மறுத்தது அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள். மறு வாரம் இளம்பிள்ளைக்குப் பஸ் ஏறினேன்.

மல்லிகா தறியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். "என்னுங்கண்ணா இவ்வளவு தூரம்? வண்டி விசயமா ஏதும் கையெழுத்துப் போடோணுமுங்களா?" என்று கேட்டார். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். பண்ணை, மருந்துத் தண்ணீர், பச்சைப் பொடி, நான் சிரித்தது, போனில் சொன்னது, ஒன்றரை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம். பர்சில் வைத்திருந்த அந்த லேபிள் காகிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"அன்னிக்கே நாத்தம் அடிக்குதுன்னு சொன்னேனுங்களேண்ணா," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இவரும் சொன்னாரு," என்றார்.

அப்புறம்தான் அந்த வீட்டில் நடப்பது எனக்குத் தெரிந்தது. பொம்பளை கையில் வண்டியைக் கொடுத்ததால்தான் தம்பி போனான் என்று மச்சாண்டார் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். ஒரு கல்யாணம், ஒரு சீர் என்றால் மல்லிகாவை யாரும் கூப்பிடுவதில்லை. தெருவில் ஒரு கார் போனால்கூட அவர் வீட்டுக்குள் போய்விடுவாராம். பெற்ற மகள்கூட ஒரு நாள் கோபத்தில், "நீ ஓட்டாம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு," என்று சொல்லிவிட்டாளாம். இதையெல்லாம் அவர் அழாமல்தான் சொன்னார். நான்தான் அழுதேன். என் அழுகை யாருக்கு வேண்டும்?

மல்லிகா எழுந்து போய்ப் பக்கத்து வாசலைப் பார்த்து, "மாமா, இங்க ஒருக்கா வாங்க," என்று கூப்பிட்டார். மச்சாண்டார் வந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தார்.

"இப்ப எங்கிட்டச் சொன்னதை இவருகிட்டயும் சொல்லுங்கண்ணா," என்றார் மல்லிகா.

சொன்னேன். கேட்கக் கேட்க அந்த ஆள் முகம் சுண்டியது. அன்று அவரும் சிரித்தவர்தானே. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி உடுங்க. போனது போயிருச்சு. இப்ப அதையெல்லாம் பேசி என்னத்துக்கு?" என்று திரும்பினார்.

"இருங்க மாமா," என்றார் மல்லிகா. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. மச்சாண்டார் நின்றார். மல்லிகா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அப்ப, கிளட்ச்சு நான் சரியாத்தான் உட்டிருக்கேன். இல்லீங்களாண்ணா?"

"சரியாத்தான் உட்டிருக்கீங்கம்மா."

"இன்னொருக்கா சொல்லுங்க. சத்தமா."

சொன்னேன்.